காருக்குச் சின்ன போல்ட், கிளிப் வாங்கக் கடைக்குப் போக முதல்

திருகோணமலைல கார் வச்சிருக்கிற ஆக்களுக்குத் தெரியும், உப்புக்காத்துக்கு அடிப்பக்கம் இருக்கிற சின்ன போல்டெல்லாம் கறள் பிடிச்சுப் போயிடும், உப்புவெளி நிலாவெளிப் பக்கமெண்டா கேக்கவே தேவல்ல. ஸ்பெனர் வச்சா தலை உடைஞ்சு கையில வரும். பிறகு கடைக்குப் போய் "அண்ணே, இது மாதிரி ஒண்டு தாங்க" எண்டு கேட்டா அவரும் பார்வைக்கு ஒத்த ஒண்டை எடுத்துத் தருவார், அங்கதான் பிழைக்கும். அளவை வீட்டிலயே எடுத்திட்டுப் போங்க.

கழட்ட முதல் நாள் இரவே கறள் எண்ணெய் அடிச்சு ஊற விடுங்க. கழட்டினதைப் பழைய ஐஸ்கிரீம் டப்பாவுல போட்டு, எந்த இடத்துல இருந்ததெண்டு டேப்புல எழுதி ஒட்டுங்க.

இப்ப அளவு. ஸ்பெனர் நம்பர் வேற, போல்ட் சைஸ் வேற, புதுசா செய்யிற கனபேர் குழம்புறது இதுலதான். ஸ்பெனர் நம்பர் தலையோட அகலம், எம் எண்டு சொல்ற போல்ட் சைஸ் புரி இருக்கிற தண்டோட விட்டம், ரெண்டும் மில்லிமீட்டர்ல. ஜப்பான் கார்ல 10 ஸ்பெனர் பிடிக்கிறது பெரும்பாலும் எம் 6, 12 எண்டா எம் 8, 14 எண்டா எம் 10. ஹாட்வெயார்ல வாங்குற எம் 8க்கு அநேகமா 13 ஸ்பெனர் வரும், அதுக்காக அது பிழையான போல்ட் இல்ல. கலிப்பரால புரிக்கு (திரெட்டுக்கு) மேல பிடிச்சுப் பாருங்க, 8க்குக் கொஞ்சம் குறைவாக் காட்டினா எம் 8. நீளத்தைத் தலைக்குக் கீழ இருந்து எடுங்க.

அடுத்தது பிட்ச், ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையில உள்ள தூரம், இதை மட்டும் விட்டுடாதீங்க. 10 புரியோட நீளத்தை அளந்து பத்தால பிரிங்க, 12.5 மில்லிமீட்டர் வந்தா பிட்ச் 1.25. எம் 6க்கு 1, எம் 8க்கு 1.25 எண்டுதான் அநேகமா இருக்கும், எம் 10லதான் சிக்கல், ஜப்பான் கார்ல கூடுதலா 1.25, ஹாட்வெயார்ல கூடுதலா 1.5. நான் ஒருக்கா ஓல்டர்னேட்டருக்கு 1.5 போல்டை, ரெண்டு சுத்து போகுதே எண்டு நம்பி ஸ்பெனரால இறுக்கி, அலுமினியத்துல இருந்த புரி முழுக்கப் போய், லேத் கடையில புதுப் புரி போட்டு எடுக்கிற வரைக்கும் ரெண்டு நாள் கார் நிண்டது. 5/16 இஞ்சி போல்டும் 7.94 மில்லிமீட்டர், பார்க்க எம் 8 மாதிரியே இருக்கும், சேராது. அதனால பழைய போல்டையும் புதுசையும் புரியோட புரி கோர்த்து வெளிச்சத்துல பிடிங்க, இடைவெளி தெரியக்கூடாது. நட்டும் விரலாலயே கடைசிவரை ஓடணும். வீல் நட்டுலயும் கவனம், 12 மில்லிமீட்டர்ல டொயோட்டாவுக்குப் பெரும்பாலும் 1.5, சுசுக்கிக்கு 1.25.

தலையில 8.8, 10.9 எண்டு அடிச்சிருக்கிறது பலம், அதுக்குக் குறைஞ்சதை வாங்காதீங்க. கறளுக்குப் பயந்து ஸ்டெயின்லெஸ் போட ஆசை வரும், நம்பர் பிளேட், பம்பர் கவருக்குப் போடுங்க, பிரேக், சஸ்பென்ஷன் பக்கம் வேணவே வேணாம், வழமையா விக்கிற ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 8.8ஐ விடப் பலம் குறைவு.

பிளாஸ்டிக் கிளிப்புக்கு அதுட தலையை அளக்காம கார்ல உள்ள ஓட்டையை அளங்க, 7, 8, 10 மில்லிமீட்டர்தான் அடிக்கடி வரும். டொயோட்டா கிளிப் நம்பர் கனக்க 90467 எண்டு தொடங்கும்.

டவுன் பார்ட்ஸ் கடையில இல்லாட்டி பழைய கார் உடைக்கிற இடத்துல கேளுங்க, அங்கயும் இல்லாட்டி கொழும்புல பார்ட்ஸ் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைதான். கொழும்புக்குப் போற ஆக்கள்ட சொல்லிவிடேக்க "எம் 8, பிட்ச் 1.25, நீளம் 25, 8.8" எண்டு எழுதி, பழைய போல்டையும் குடுத்து விடுங்க, கிளிப்பெண்டா ரெண்டு மூண்டு கூடவே சொல்லுங்க, அடுத்த தரம் கழட்டேக்க கட்டாயம் ஒண்டாவது உடையும்.