சென்னை ஹாஸ்டலில் முதல் மாதம்: பெட்டி கட்டுவதிலிருந்து மெஸ் பில் வரை

கல்லூரி சேர்க்கை தொடங்கிவிட்டால் எங்கள் ஊர்ப் பக்கம் யாராவது ஒரு வீட்டிலிருந்து எனக்குப் போன் வரும். "பையனுக்கு மெட்ராஸ்ல சீட் கெடைச்சிருக்கு, ஹாஸ்டல்ல விடணும், என்னென்ன வாங்கணும்?" சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து போய்ச் சென்னையில் நான்கு வருடம் ஹாஸ்டல் சோறு தின்றவன் என்பதுதான் எனக்கிருக்கும் ஒரே தகுதி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டல் நோட்டுகளில் ஓடுகிற இடம். ரூம் சாமான் நோட்டு, கம்ப்ளெயின்ட் நோட்டு, மெஸ் கட் நோட்டு, அவுட்பாஸ் நோட்டு. இப்போது சில இடங்களில் அது செயலியாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். எந்த நோட்டு எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று தெரிந்த பையனுக்குப் பாதிக் கஷ்டம் இல்லை. தெரியாதவன் மாதக் கடைசியில் பில்லைப் பார்த்து முழிப்பான்.

படி 1: பெட்டி கட்டுவது

வீட்டில் விட்டால் அம்மா ஒரு குடித்தனத்தையே கட்டித் தருவார். வேண்டாம். அறையில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு மேஜை; அந்த மேஜையும் சில இடங்களில் இரண்டு பேருக்கு ஒன்று.

ஊரிலிருந்தே கொண்டுவர வேண்டியவை: இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் அது, போர்வை இரண்டு, கொசுவலை, சில்வர் தட்டு, டம்ளர். அப்புறம் நல்ல பூட்டு இரண்டு. ஒன்று அலமாரிக்கு, ஒன்று பெட்டிக்கு. அறைக்கதவுக்கு ரூம்மேட்டுகள் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். வாளி, மக், கொடிக்கயிறு, துணிக் கிளிப், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கும் கடையிலேயே கிடைக்கும். வாளியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

வாளி வாங்கியதும் பெயர் எழுதுங்கள். மார்க்கர் பேனாவில் எழுதினால் ஒரு வாரத்தில் தண்ணீரில் போய்விடும். நெயில் பாலிஷில் எழுதுங்கள், வருடக்கணக்கில் நிற்கும்.

இன்டக்‌ஷன் அடுப்பு, கெட்டில், அயர்ன்பாக்ஸ் ஆகியவற்றைப் பெரும்பாலான ஹாஸ்டல்களில் விடமாட்டார்கள். விதிமுறைத் தாளைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பறிமுதல் செய்தால் வருடக் கடைசியில்தான் கைக்கு வரும், சில நேரம் அதுவும் வராது.

காகிதம்: பாஸ்போர்ட் சைஸ் போட்டோ பன்னிரண்டு, ஆதார் நகல், கட்டண ரசீது, லோக்கல் கார்டியன் கையெழுத்து. சென்னையில் சொந்தக்காரர் யாரும் இல்லையென்றால் ஊர்க்காரர் ஒருவரை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காப்புத் தொகை கட்டிய ரசீதை மட்டும் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். போனிலும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நான் அதைத் தொலைத்துவிட்டு, படிப்பு முடிந்தபின் அந்தப் பணத்துக்காக அலுவலகத்துக்கு ஆறு முறை நடந்தேன். கடைசி வரை வரவில்லை.

படி 2: எங்கே இறங்குவது

தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்தால் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் கடைசியில் அந்த நிலையம் திறந்தபின் தென்மாவட்டப் பேருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. "கோயம்பேட்ல எறங்கிக்கோ" என்று ஊரில் மாமா சொல்வது பழைய கதை. ரயிலில் வந்தால் எல்லோரும் எழும்பூர் வரை போவார்கள். உங்கள் கல்லூரி கிண்டி, குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் என்றால் தாம்பரத்திலேயே இறங்கிவிடுங்கள். அங்கிருந்து கடற்கரை போகும் மின்சார ரயில் நாள் முழுக்க உண்டு. 1931லிருந்து ஓடுகிற வழித்தடம் அது. சென்னையை முதலில் அதன் ஸ்டேஷன்களின் வரிசையாக மனதில் போட்டுக்கொண்டால் ஊர் பிடிபட்டுவிடும். கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம். மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு காலடியில்.

படி 3: அறையும் கட்டிலும்

சாவி வாங்கியதும் மெத்தையை விரிக்காதீர்கள். முதலில் ஃபேன், ரெகுலேட்டர், ஸ்விட்ச், ஜன்னல் கொக்கி, அலமாரிக் கதவு. எது உடைந்திருந்தாலும் அன்றைக்கே படம் எடுத்து, சாமான் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் முன்னால் இருந்தவன் உடைத்ததற்கு நீங்கள் காசு கட்டுவீர்கள்.

அடுத்தது மூட்டைப்பூச்சி. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை, சொல்ல வெட்கம். போனில் டார்ச் போட்டுக் கட்டிலின் மூலைகளைப் பாருங்கள். இரும்புக் கட்டில் என்றால் காலும் சட்டமும் சேருகிற இடம், மரக்கட்டில் என்றால் பலகை இடுக்கு. பேனா முனையால் குத்தியதுபோல் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். சுவரோரமாகவும் பாருங்கள், பழுப்பாக இழுவிய கோடுகள் தெரிந்தால் யாரோ முன்பு நசுக்கிய அடையாளம்.

இருந்தால் பயப்பட வேண்டாம். மெஸ்ஸில் கெஞ்சிக் கொதிக்கிற தண்ணீர் ஒரு வாளி வாங்கி, கட்டிலை வெளியே இழுத்து, இணைப்பு இடுக்குகளில் மெதுவாக ஊற்றுங்கள். பிறகு மொட்டைமாடி வெயிலில் ஒரு பகல் முழுக்க. ஒரு வாரம் கழித்து மறுபடியும் செய்யுங்கள், முட்டை பொரித்து வந்தவை அப்போதுதான் மாட்டும். பக்கத்துக் கட்டில்காரனையும் அதே நாளில் செய்ய வைக்க வேண்டும். நீங்கள் மட்டும் செய்தால் அங்கிருந்து நடந்து வந்துவிடும். ஊருக்குப் போகும்போது பையை வாசலிலேயே வெயிலில் வைத்துவிட்டு உள்ளே போங்கள். வீட்டுக்குள் ஏற்றிவிட்டால் அம்மா மன்னிக்கமாட்டார்.

படி 4: தண்ணீர்

சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது. துணிக்குக் கட்டி சோப்பைத் தேய்த்துக்கொண்டிருக்காமல் பவுடரில் ஊற வையுங்கள். தலைக்குச் சீயக்காய் அந்தத் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும். முடி கொட்டுகிறது என்று முதல் மாதம் எல்லோரும் புலம்புவோம், அதற்குள் பரீட்சை வந்துவிடும், புலம்பல் அந்தப் பக்கம் போய்விடும்.

மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்று வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் பிளாக்கில் ஐந்தரை மணிக்கு. ஆறரைக்குள் குளித்தவனுக்கு ஷவர், ஏழரைக்கு வந்தவனுக்கு வரிசை, எட்டேகாலுக்கு வந்தவனுக்கு அரை வாளி. முந்தைய இரவே வாளியை நிரப்பி அறையில் வைப்பது பழைய தந்திரம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஊரே லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தபோது அந்த ஒரு வாளிதான் எல்லோருக்கும் கணக்கு.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. துணி மூன்று நாளானாலும் காயாது, ஜீன்ஸில் பூஞ்சை வாடை வரும். அந்த மூன்று மாதத்துக்கு ஜீன்ஸை மூட்டை கட்டிவிட்டு, சீக்கிரம் காய்கிற துணியாகப் போடுங்கள். பவர் பேங்க், டார்ச், இரண்டு நாளுக்கான பிஸ்கட் எப்போதும் இருக்கட்டும். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. இந்த மாதங்களில் இரண்டு நாளைக்கு மேல் காய்ச்சல் இருந்தால் மாத்திரை போட்டுப் படுத்துவிடாமல் ரத்தம் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். டெங்கு காலம்.

படி 5: மெஸ் பில்லைப் படிப்பது

புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

சில மெஸ்களில் மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை. பல அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் டிவைடிங் சிஸ்டம். அந்த மாதம் அரிசி, காய்கறி, பால், கேஸ் என்று ஆன மொத்தச் செலவை, எல்லா மாணவர்களும் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுப்பார்கள். வருவதுதான் ஒரு நாள் ரேட். அதை நீங்கள் சாப்பிட்ட நாட்களால் பெருக்கினால் உங்கள் பில்.

ஒரு கணக்குக்கு: மாதச் செலவு 9,60,000 ரூபாய். எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டது 8,000 நாட்கள். நாள் ரேட் 120. நீங்கள் 26 நாள் இருந்தீர்கள் என்றால் 3,120 ரூபாய்.

இதில் இரண்டு சூட்சுமம். முதலாவது, நீங்கள் ஊருக்குப் போன நாட்கள் தானாகக் கழியாது. மெஸ் கட் நோட்டில் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கழியும். சில இடங்களில் குறைந்தது மூன்று நாள் தொடர்ந்து போனால்தான் கட் தருவார்கள். சனி, ஞாயிறு மட்டும் போய்வருகிறவனுக்கு ஒன்றும் கிடைக்காது. முதல் மாதம் நான் ஐந்து நாள் ஊரில் இருந்துவிட்டு முப்பது நாளுக்குப் பணம் கட்டினேன்.

இரண்டாவது, பாதிப் பேர் ஊருக்குப் போகிற மாதத்தில் நாள் ரேட் ஏறும். ஆள் குறைந்தாலும் அடுப்பு எரிந்துதானே ஆக வேண்டும்? செலவு 6,75,000 ஆகக் குறைந்து நாட்கள் 5,000 ஆனால் ரேட் 135. தீபாவளி மாதத்தில் ஹாஸ்டலிலேயே இருந்தவன் "நான் ஒண்ணும் கூடச் சாப்பிடலையே" என்று சண்டைக்குப் போவான். மெஸ் செகரட்டரி என்ன செய்வார்?

ஆம்லெட், அவித்த முட்டை, சிக்கன் போன்ற எக்ஸ்ட்ரா உங்கள் தனிக்கணக்கு. பெயருக்கு நேரே நீங்களே குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் யாரோ தின்ற ஆம்லெட் உங்கள் தலையில் விழும்.

மெஸ் கமிட்டியில் ஆள் கேட்டால் ஒரு முறையாவது போங்கள். இரண்டாம் வருடம் விடியற்காலை மூன்றரைக்குச் சமையல் மாஸ்டருடன் மெஸ் வண்டியில் கோயம்பேடு மார்க்கெட் போனேன். வாழையிலையும் அழுகின கோஸும் கலந்த வாடை, காலுக்கடியில் சகதி, தலையில் மூட்டையோடு "வழி, வழி" என்று ஓடுகிற ஆட்கள். மாஸ்டர் தக்காளிப் பெட்டியின் மேலே இருந்ததைப் பார்க்கவே இல்லை. கையை அடிவரை விட்டு ஒன்றை எடுத்து அழுத்தினார். விரலில் ஈரம் ஒட்டியது. ஒன்றும் பேசாமல் அடுத்த கடைக்கு நடந்தார். அன்று காலை தக்காளிச் சட்னியை நான் குறை சொல்லவில்லை.

படி 6: ரூம்மேட்

முதல் நாள் பேச்சு எல்லா அறையிலும் ஒன்றுதான்.

"எந்த ஊரு ப்ரோ?"

"சங்கரன்கோவில் பக்கம். நீங்க?"

"தர்மபுரி. பாலக்கோடு."

இரண்டு வாரத்தில் ப்ரோ மச்சியாகிவிடும். மச்சியான பிறகு கறாராகப் பேச முடியாது, அதனால் ப்ரோவாக இருக்கும்போதே நான்கு விஷயம் பேசி முடித்துவிடுங்கள். லைட் எத்தனை மணிக்கு அணைப்பது, ஸ்பீக்கரில் போன் பேசலாமா, அறையைக் கூட்டும் முறை, கடன். கடனில் என் கொள்கை: இருநூறுக்கு மேல் கொடுக்காதே, கொடுத்தால் மறந்துவிடு.

என் ரூம்மேட் நாலரைக்கு அலாரம் வைப்பான். படிக்கத்தான். அது ஐந்தரை வரை பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அடிக்கும். அவனைத் தவிர மூன்று பேரும் எழுந்துவிடுவோம். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுக் கடைசியில் சொன்னேன். "அப்பவே சொல்லியிருக்கலாம்ல மச்சி?" என்றான். அன்றிலிருந்து வைப்ரேஷன், தலையணைக்கு அடியில்.

படி 7: ராகிங்

சுருக்கமாக. 1996ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டார்; அதையடுத்து 1997ல் தமிழ்நாட்டில் ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்தது. பெயர் கேட்பது, ஊர் கேட்பது, டீ வாங்கித் தருவது சீனியர் பழக்கம். இரவில் அறைக்கு வரச்சொல்வது, சட்டையைக் கழற்றச்சொல்வது, அடிப்பது ராகிங். 1800-180-5522 என்ற இலவச எண்ணைச் சேமித்துவையுங்கள். பெயர் சொல்லாமலும் புகார் தரலாம்.

படி 8: கைச்செலவு, வெளியே போவது

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர் என்றால் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பெண்களுக்கு 2022லிருந்து புதுமைப் பெண், பையன்களுக்கு 2024லிருந்து தமிழ்ப் புதல்வன். கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம், வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். விசாரிக்காமல் விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர்.

மின்சார ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாய்தான். ஆட்டோவுக்குக் கை நீட்டும் முன் அதை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய பாடப்புத்தகத்துக்குத் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகள். அறையில் சத்தமென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்றே அங்கே தனிப் பகுதி இருக்கிறது, ஏசியோடு. மே மாதத்தில் நான் அங்கே படித்ததைவிடத் தூங்கியது அதிகம்.

வெளியே போகும்போது அவுட்பாஸ் நோட்டில் உண்மையான இடத்தை எழுதுங்கள். மெரினா போய்விட்டு நூலகம் என்று எழுதியவனுக்கு வழியில் விபத்தானால் தேடுபவர்கள் நூலகத்தில் தேடுவார்கள். எங்கள் பிளாக்கில் அப்படி ஒன்று நடந்தது. நல்லவேளை, முழங்கை எலும்போடு போயிற்று.

படி 9: தீபாவளிக்கு ஊர்

ஹாஸ்டலுக்கு வந்த முதல் வாரத்திலேயே காலண்டரில் தீபாவளியைத் தேடி, நீங்கள் கிளம்பப்போகும் நாளிலிருந்து அறுபது நாள் பின்னால் எண்ணி வட்டம் போடுங்கள். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்புதான் திறக்கிறது, காலை எட்டு மணிக்கு. பொதிகையும் நெல்லையும் எட்டு ஐந்துக்கெல்லாம் வெயிட்டிங் லிஸ்ட் காட்டும். ஏழு ஐம்பதுக்கே உள்ளே நுழைந்து, பயணிகள் பட்டியலைச் சேமித்து, பணத்தைத் தயாராக வைத்திருங்கள். ஹாஸ்டல் வைஃபையை நம்பாமல் போன் டேட்டாவில் போடுங்கள், எட்டு மணிக்கு முந்நூறு பேரும் அதே வேலையில்தான் இருப்பார்கள். தவறிப்போனால் கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள் தத்கால்: ஏசிக்கு பத்து மணி, ஸ்லீப்பருக்கு பதினொன்று.

டிக்கெட் கைக்கு வந்ததும் மெஸ் பக்கம் போய் கட் நோட்டைக் கேளுங்கள். பேனா கயிற்றில் கட்டித் தொங்கும், எழுதாது. உங்கள் பேனாவைக் கொண்டுபோங்கள்.