ரிகர்சலை லைவ் போடலாமா? போடலாம், கடைசி 40 நிமிஷம் மட்டும்

வடசென்னையில் வியாசர்பாடி, காசிமேடு, புளியந்தோப்பு என எந்த மொட்டை மாடியில் கானா ட்ரூப் ரிகர்சல் நடந்தாலும், டோலக் வருவதற்கு முன்னாடியே போன் ஸ்டாண்டு வந்துவிடுகிறது. 3 மணி நேர ரிகர்சலையும் அப்படியே யூடியூபில் லைவ் விடுவதில் லாபம் எதுவும் இல்லை. முதல் 2 மணி நேரம் தப்பு செய்வதற்கான நேரம். தாளம் நழுவினால் பாடுகிறவர் கையைத் தூக்கி நிறுத்தி, "பல்லவியில இருந்து வாங்கண்ணே" என்று சொல்ல வேண்டும். கேமரா ஓடினால் யாரும் நிறுத்துவதில்லை. சமாளித்து ஓட்டிவிடுகிறார்கள், அந்தத் தப்பு அப்படியே மேடைக்கும் போகிறது.

அதனால் கற்றுக்கொள்கிற வேலையை லைவ் இல்லாமல் முடியுங்கள். 15 நிமிஷம் டீ. பிறகு 6, 7 பாட்டை மேடையில் போடப்போகிற அதே வரிசையில் நிறுத்தாமல் வாசித்து, அந்த 40 நிமிஷத்தை மட்டும் லைவ் விடுங்கள். ஆடித் திருவிழாவுக்கு ட்ரூப் தேடுகிற கமிட்டிக்காரர்கள் பார்க்க வேண்டும் என்றால், ஆனி மாதத்திலேயே இதைத் தொடங்குவது நல்லது. ஆடி பிறந்த பிறகு போடுகிற லைவ் அடுத்த வருஷத்துக்குத்தான் உதவும்.

எதை லைவில் பாடக் கூடாது என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். மேடையில் இன்னும் ஏறாத புதுப் பாட்டு வேண்டாம். மெட்டு அன்று ராத்திரியே வேறு வாயில் போய்விடும். பாடியே ஆக வேண்டும் என்றால், அதற்கு முன்பு அதைப் பதிவு செய்து யூடியூபில் அன்லிஸ்டட் வீடியோவாக ஏற்றிவையுங்கள், தேதியாவது கையில் இருக்கும். மரண கானாவை, அதாவது சாவு வீட்டில் பாடுகிற கானாவை, இறந்தவர் பெயரோடு ரிகர்சல் பார்த்தால், அந்த வீட்டாரைக் கேட்காமல் லைவில் விடாதீர்கள். இன்னொரு ஏரியாவைச் சீண்டுகிற வரி, பெண்களைக் கேவலமாகப் பேசுகிற வரி எல்லாம் அந்த நேரத்துச் சிரிப்புக்காக வாயில் வருவதுதான். ஆனால் யாராவது ஒருவர் ஸ்க்ரீன் ரெக்கார்டு எடுத்துவிட்டால் அது ஸ்டேஷன் வரைக்கும் போகும்.

சினிமா மெட்டில் பாடுவதாக இருந்தால் கரோக்கி டிராக் போடாதீர்கள். யூடியூபின் காப்பிரைட் சோதனை லைவ் ஓடும்போதே வேலை செய்கிறது, அதில் டிராக்தான் சீக்கிரம் மாட்டும். முதலில் எச்சரிக்கை வரும். கண்டுகொள்ளாமல் விட்டால் உங்கள் படத்துக்குப் பதிலாக ஒரு வெற்றுப் படம் வரும், அல்லது லைவே நின்றுவிடும். சொந்த வாசிப்பில் பாடினால் ஆபத்து குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

நெட்டும் கணக்கும்

யூடியூபில் முதல் முறை லைவ் வசதியைக் கேட்டால் அது திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். இன்றைக்கு ராத்திரி ரிகர்சல் என்றால் நேற்றே கேட்டிருக்க வேண்டும். போனிலிருந்து நேராக லைவ் போட 50 சப்ஸ்கிரைபர் தேவை. லேப்டாப்பில் ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருள் வழியாகப் போட்டால் அந்தக் கணக்கு இல்லை. சட்டி மேளம் அடிக்கிற பையன் பெயரில் சேனல் இருந்தால் அவன் வயதையும் பாருங்கள். 16 வயதுக்குக் கீழே இருப்பவர் தனியாக லைவ் போட யூடியூப் விடுவதில்லை.

படத்துக்கு 720பி தரம் போதும். ஓபிஎஸ்ஸில் வைக்க வேண்டியது: 2,500 கேபிபிஎஸ் வீடியோ, 128 கேபிபிஎஸ் ஆடியோ, கீஃப்ரேம் (முழுப் படம் அனுப்புகிற இடைவெளி) 2 நொடி. இந்தக் கணக்கில் 1 மணி நேரத்துக்குச் சுமார் 1.2 ஜிபி போகும். அப்லோடு வேகம் அந்த 2,500 கேபிபிஎஸ்ஸைப் போல இரண்டு மடங்காவது, அதாவது 5 எம்பிபிஎஸ் இருக்க வேண்டும். டவுன்லோடு வேகத்தைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். காலையில் எடுத்த ஸ்பீடு டெஸ்டும் ஆகாது. ராத்திரி 8 மணிக்குத் தெருவே போனைப் பிடித்திருக்கும்போது, ரிகர்சல் நடக்கிற அதே இடத்தில் நின்று பாருங்கள். பிராட்பேண்டு என்றால் ரூட்டருக்குச் சின்ன யூபிஎஸ் ஒன்று வையுங்கள். கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் ரூட்டர் எழுந்து உட்கார நிமிஷங்கள் ஆகும், லைவ் அதுவரை காத்திருக்காது.

சத்தம்: இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள்

போன் மைக்கை நம்பாதீர்கள். பேச்சுக்காகச் செய்த மைக் அது, சத்தத்தைத் தானாகவே ஏற்றி இறக்கும். சட்டியில் ஓர் அடி விழுந்தால் முழுச் சத்தத்தையும் அமுக்கும், அடுத்த அடிக்குள் மறுபடி தூக்கும். கேட்கிறவருக்குப் பாடகர் தண்ணீருக்குள் முங்கி முங்கிப் பாடுவது போல இருக்கும்.

சரி, மிக்ஸரிலிருந்து எடுக்கலாம் என்று ஸ்பீக்கருக்குப் போகிற மெயின் அவுட்டை இழுத்தால் வேறு தொல்லை. சின்ன இடத்தில் டோலக்கும் சட்டியும் ஸ்பீக்கர் இல்லாமலே காதைப் பிளக்கும் என்பதால், மிக்ஸரில் அவற்றின் ஃபேடர் (சத்தத்தை ஏற்றி இறக்குகிற தள்ளு குமிழ்) கீழே இருக்கும், அல்லது மைக்கே வைத்திருக்க மாட்டார்கள். லைவில் குரலும் கீபோர்டும் மட்டும் கேட்கும், தாளம் அடுத்த தெருவில் நடப்பது போல இருக்கும். இதற்கு வழி, ஸ்பீக்கர் கலவைக்குச் சம்பந்தமில்லாமல் தனிக் கலவை தருகிற ஆக்ஸ் அவுட்டிலிருந்து எடுப்பது. ஆக்ஸை ப்ரீ-ஃபேடரில் வையுங்கள், அப்போது ஸ்பீக்கருக்காக ஃபேடரை ஏற்றி இறக்கினாலும் லைவ் கலவை மாறாது. டோலக்கின் தொப்பிப் பக்கம் ஒரு சாண் தள்ளி ஒரு டைனமிக் மைக், சட்டிக்கு ஒன்று. இரண்டையும் ஸ்பீக்கருக்கு அனுப்பாமல் ஆக்ஸுக்கு மட்டும் அனுப்புங்கள். கலவையை ஹெட்போனில் கேட்டு முடிவு செய்யுங்கள், அதுவும் மாடிப்படிக்குக் கீழே போய். வாசிக்கிற இடத்தில் நின்றால் நேரடிச் சத்தம் காதை ஏமாற்றிவிடும்.

ஆக்ஸிலிருந்து போனுக்கு நேராக ஒயர் இழுப்பதில் இரண்டு கோளாறு வரும். ஒயரின் போன் பக்க முனையில் இரண்டே கறுப்பு வளையம் இருந்தால், போன் அதை வெறும் ஹெட்போன் என்று நினைத்துக்கொண்டு தன் மைக்கிலேயே எடுத்துக்கொண்டிருக்கும். மூன்று வளையம் உள்ள முனை வேண்டும். சந்தேகமாக இருந்தால் போனின் மைக் ஓட்டைப் பக்கம் நகத்தால் சுரண்டுங்கள், அந்தச் சத்தம் பதிவானால் உங்கள் ஒயர் வேலை செய்யவில்லை. இரண்டாவது, மிக்ஸர் தருவது பலமான லைன் லெவல் சிக்னல், போன் எதிர்பார்ப்பது அதைவிட மிகச் சன்னமான மைக் லெவல். உள்ளே நுழையும்போதே சத்தம் உடைந்து கரகரக்கும், அதற்கப்புறம் எந்த ஆப்பிலும் அதைச் சரிசெய்ய முடியாது. யூஎஸ்பி உள்ள மிக்ஸரோ சத்தத்தை யூஎஸ்பிக்கு மாற்றித் தருகிற சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸோ இருந்தால் இரண்டு கோளாறும் ஒன்றாகப் போகும். அதைப் போனில் மாட்டுவதற்கு, சார்ஜ் ஏறவும் வழியுள்ள ஓடிஜி ஹப்பாக (யூஎஸ்பி கருவியைப் போனோடு இணைக்கிற பெட்டி) பாருங்கள். சென்னை எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும், கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

ஓபிஎஸ்ஸில் மீட்டர் அதிகச் சத்தமான இடத்தில் கழித்தல் 10 டெசிபலை ஒட்டி ஆடட்டும். 0-வைத் தொடவே கூடாது. ஒத்திகையில் அடிப்பதைவிட லைவில் எல்லோரும் பலமாகத்தான் அடிப்பார்கள், அந்த இடைவெளி அதற்காக. படத்தைவிடச் சத்தம் முந்தினால் கேமரா முன் ஒருவரைக் கைதட்டச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். சத்தம் எவ்வளவு முந்துகிறதோ அத்தனை மில்லிசெகண்டை ஆடியோவின் சிங்க் ஆஃப்செட்டில் போடுங்கள்.

லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டதும் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் 40 நிமிஷத்துக்கு பேட்டரியிலேயே ஓட்டுங்கள். இரைச்சலை நிறுத்த ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கிற வைத்தியம் ஒன்று ஊரில் உண்டு. ஈரத் தரையில் மைக் பிடித்து நிற்பவருக்கு அது உயிர் விஷயம், செய்யவே வேண்டாம்.

கடற்காற்றில் தோல் சீக்கிரம் தளரும். டோலக் நட்டை லைவ் தொடங்குவதற்கு 10 நிமிஷம் முன்பு முறுக்கிக்கொள்ளுங்கள். நடுவில் முறுக்கினால் கேட்கிறவருக்கு 2 நிமிஷ வெறுமை, அதற்குள் பாதிப் பேர் போய்விடுவார்கள்.

போனில் எடுத்தால் ஏரோப்ளேன் மோடில் போட்டு வைஃபையை மட்டும் திறங்கள், நடுவில் ஒரு போன் கால் வந்தாலே லைவ் அறுந்துவிடும். உறையைக் கழற்றி ஃபேன் காற்றில் வையுங்கள். தெருப் பெயர்ப் பலகையும் வீட்டு எண்ணும் ஃப்ரேமில் வரக் கூடாது, வந்தால் அடுத்த வாரம் கூட்டம் மாடியில் நிற்கும். ராத்திரி 10 மணிக்கு மேல் ஸ்பீக்கருக்குத் தடை. லைவ் என்பது நேரம் குறித்த சாட்சி, பக்கத்து வீட்டுக்காரர் வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை.

கமென்ட் பார்க்க ஒருவரைத் தனியாக வையுங்கள், மாடியில் வேண்டாம், கீழே இயர்போனோடு. லைவ் பார்க்கிறவருக்குப் பல நொடி தாமதமாகத்தான் போகும். வாசிக்கிற இடத்தில் யாராவது போனில் சத்தம் வைத்துப் பார்த்தால் பழைய வரி மைக்கில் ஏறித் தாளத்தைக் குழப்பும். கேட்ட பாட்டைப் பாடுவதாக இருந்தால் அடுத்த பாட்டாகப் பாடுங்கள், உடனே பதில் சொல்லப் போனால் கேட்டவரே வெளியேறியிருப்பார்.

முடிக்கும்போது முதலில் ஆக்ஸை மியூட் செய்யுங்கள், பிறகு யூடியூபில் லைவை முடியுங்கள், அது முடிந்தது என்று கீழே இருப்பவர் கண்ணால் பார்த்துக் குரல் கொடுக்கட்டும். அதற்கப்புறம் பேசுங்கள், யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் வந்தது என்பதை.