சூரியனைப் போன்ற விண்மீன் என்றதும் பூமியைத் தேடாதீர்கள்

"சூரியனைப் போன்ற விண்மீனை ஒரு கோள் சுற்றுகிறது" என்று செய்தி வந்தால் போதும், மறுநாளே வாட்ஸ்அப்பில் அந்தக் கோளுக்குக் கடலும் கரையும் முளைத்துவிடும். 'போன்ற' என்பது விண்மீனுக்குச் சொன்னது. கோளுக்கு அல்ல.

51 பெகாசியைப் பாருங்கள். சுமார் 50 ஒளியாண்டு தொலைவில், நம் சூரியனைவிடக் கொஞ்சம் கனமான விண்மீன். (ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம், காலத்தின் அளவல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை.) 1995 அக்டோபரில் சுவிஸ் வானியலாளர்கள் மிஷேல் மேயரும் திதியே கெலோவும் அதற்கு ஒரு கோள் இருப்பதாக அறிவித்தார்கள். புதன் சூரியனிலிருந்து ஏறக்குறைய 5.8 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. இந்தக் கோளோ தன் விண்மீனிலிருந்து வெறும் 80 லட்சம் கிலோமீட்டரில். வெப்பம் சுமார் 1000 டிகிரி செல்சியஸ். ஒரு சுற்றுக்கு 4.23 நாள். அங்கே திங்கட்கிழமை பொங்கல் வைத்தால் வெள்ளிக்கிழமை அடுத்த பொங்கல்!

அப்புறம், 'கண்டுபிடித்தார்கள்' என்பதை 'பார்த்தார்கள்' என்று படிப்பது. கோளை அவர்கள் பார்க்கவே இல்லை. கோள் இழுக்கிற இழுப்பில் விண்மீனும் லேசாக ஆடும். அது நம்மை நோக்கி வரும்போது நிறமாலைக் கோடுகள் (விண்மீனின் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் கோடுகள்) நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் நகரும். ரயில் நம்மைக் கடக்கும்போது ஹார்ன் சத்தம் மாறுகிறதே, அதே சங்கதிதான். 51 பெகாசியின் ஆட்டம் விநாடிக்கு 60 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதை பிரான்சின் ஓட் ப்ரோவான்ஸ் ஆய்வகத்திலிருந்து அளந்தார்கள். செய்தியோடு வரும் வண்ணப்படமெல்லாம் ஓவியர் கைவண்ணம்.

கோளின் எடையைச் சொல்வதிலும் ஒரு சறுக்கல் உண்டு. இந்த முறையில் நம்மை நோக்கிய அசைவு மட்டும்தான் தெரியும். பாதை சாய்ந்திருந்தால் மிச்சம் கணக்கில் வராது. எனவே "வியாழனில் பாதி" என்று எழுதாமல், "குறைந்தது வியாழனில் ஏறத்தாழ பாதி" என்று எழுத வேண்டும். அந்தக் 'குறைந்தது' தலைப்பில் இடம் பிடிக்காமல் வெட்டுப்படும், நானே வெட்டியிருக்கிறேன்.

இதைவிட மோசம், "சூரியக் குடும்பத்துக்கு வெளியே கண்ட முதல் கோள்" என்பது. 1992இலேயே ஒரு பல்சாரை (வெடித்த விண்மீன் விட்டுச்சென்ற, வேகமாகச் சுழலும் எச்சம்) சுற்றும் கோள்களை அறிவித்துவிட்டார்கள். 51 பெகாசியின் கோள், சூரியனைப் போன்ற விண்மீனைச் சுற்றுவதாகக் கண்ட முதல் கோள். மேலே நம்மை ஏமாற்றிய அதே 'போன்ற' இங்கே விடுபட்டால் வாக்கியமே பொய்யாகிவிடும். இந்தக் கண்டுபிடிப்புக்காக மேயரும் கெலோவும் பெற்ற 2019 நோபல் பற்றிய செய்திகளிலும் இந்தப் பிழை வந்தது.

இந்தக் கோளின் பெயர் '51 பெகாசி பி'. அதில் உள்ள 'பி'யைப் பார்த்து, 'ஏ' என்ற கோள் எங்கே என்று கேட்பவர்களும் உண்டு. அப்படி ஒன்று இல்லை. முதலில் கிடைக்கும் கோளுக்கே 'பி'தான்.

அக்டோபர், நவம்பரில் முன்னிரவு வானில் பூரட்டாதியின் இரண்டு விண்மீன்களைத் தேடுங்கள். அவற்றுக்கு இடையே, சற்று மேற்கே தள்ளி 51 பெகாசி இருக்கிறது. ஊர் வெளிச்சம் இல்லாவிட்டால் வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். பைனாகுலர் இருந்தால் சுலபம். கோள் எங்கே என்று பிள்ளைகள் கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.