ஆடியில ஒரு கரை, சித்திரையில ஒரு கரை

பவானிசாகர் அணையில பரிசல் பழக வர்றவங்க எப்படித் துடுப்புப் போடறதுன்னுதான் மொதல்ல கேப்பாங்க. எங்கய்யன் எனக்குச் சொல்லிக் குடுத்தது கரை அணைக்கிறதை, அதாவது பரிசலைப் பதனமாக் கரை சேக்கறதைத்தான். நடுத்தண்ணியில பரிசல் சுத்துனா தலை கிறுகிறுக்கும், அவ்வளவுதான். கரையோரத்துல சுத்துனா அடி கிழிஞ்சுரும்.

பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. நீங்க துடுப்பைப் போடற பக்கந்தான் முன்பக்கம். எட்டிப் போட்டு நம்ம பக்கமா இழுக்கோணும், இடப்பக்கம் ஒருக்கா, வலப்பக்கம் ஒருக்கா. கரைக்கு ரெண்டு பரிசல் தூரம் இருக்கையிலயே இழுக்கறதை நிறுத்திருங்க. வந்த வேகமே கொண்டு போயிரும். துடுப்பைச் செங்குத்தா எறக்கி ஆழம் பாருங்க. தரை தட்டுனாலும் பொசுக்குன்னு எந்திரிக்கக் கூடாது. ஒரு பக்கம் பாரம் போனா மறுபக்கம் தூக்கிக்கும். ஒருத்தர் எறங்கற வரைக்கும் எதிர்ப்பக்கம் இருக்கறவங்க அசையாம உக்காந்திருக்கோணுமுங்க.

ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற மேல்காத்து பரிசலை அணைப் பக்கமாத் தள்ளும். காத்து முதுகுல அடிக்கக் கரைக்கு வந்தீங்கன்னா வேகத்தை நிறுத்தவே முடியாது. நான் ஒருக்கா அப்படி வந்து கல்லுல மோதி, அன்னைக்குப் புடிச்ச மீனெல்லாம் தண்ணியோட போச்சு. அதனால மூஞ்சி காத்தைப் பாக்க, முதுகு கரையைப் பாக்க உக்காந்துக்குங்க. காத்து உங்களைப் பின்னாடி தள்ளிட்டு வரும். நீங்க மெல்ல முன்னாடி இழுத்துட்டே இருந்தா அதுதான் பிரேக்கு. நீலகிரியில மழை புடிச்சா ராவோட ராவாத் தண்ணி ஏறும், பரிசலை நல்லா மேட்டுல ஏத்திப் போடுங்க. உபரித் தண்ணி தொறந்துவிடற நாள்ல எறங்கவே வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில, அணைக்கு வந்து சேர்ற மாயாத்துல (மோயாறு) செந்தண்ணி வரும். முறிஞ்ச கிளைக மிதந்து வரும், கண்ணு தண்ணி மேலயே இருக்கோணும்.

சித்திரைதான் ரொம்பச் சிரமம். 105 அடி நெறைஞ்சு நிக்கையில வரப்போரமாப் பரிசலை விட்ட எடத்துல இருந்து தண்ணி எங்கயோ உள்ள போயிருக்கும். அணை கட்டுனப்ப 1955-க்கு முன்னால முங்குன ஊருகளோட மரக்கட்டைக தலைகாட்டும். அணைக்குள்ள முங்கிக் கெடக்கற டணாய்க்கன்கோட்டை மாதவப் பெருமாள் கோயில் வெளிய தெரிஞ்சுதுன்னா, கட்டைக எல்லாம் தண்ணிக்கு ஒரு சாண் கீழதான் இருக்குன்னு வெச்சுக்குங்க. அப்பத் துடுப்பால தட்டித் தட்டித்தான் வரோணும். சேறும் அப்படித்தான், மேல காஞ்சிருக்கும், கால வெச்சா முழங்கால் வரைக்கும் போயிரும். எருமைக தண்ணி குடிக்க எறங்கற தடத்தைத் தேடுங்க. குளம்படி ஆழமாப் பதியாத எடம் கெட்டித் தரை, அங்க அணைங்க.

கரையேறுனதும் பரிசலைக் கவுத்துப் போட்டு, காத்து வர்ற பக்கம் வெளிம்பு மேல ரெண்டு கல்லைத் தூக்கி வைங்க. ஆடிக்காத்து வெறும் பரிசலை உருட்டிட்டே போயிரும்.