டெக்சஸ் சட்டமன்றக் கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

டல்லஸிலிருந்து சான் அன்டோனியோவுக்குக் காரில் செல்வோரில் பலர், வழியிலுள்ள மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால், 1888இல் கட்டி முடிக்கப்பட்ட சட்டமன்றக் கட்டடத்தை நுழைவுக் கட்டணமின்றிப் பார்த்துவிடலாம்.

முதலில் நாளை முடிவு செய்யுங்கள். இங்குச் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரியில் கூடி, அதிகபட்சம் 140 நாள் நடக்கும். அப்போது கூட்டம் மிகுதியாக இருக்கும் என்றாலும், விவாதத்தை நேரில் பார்க்க விரும்புவோருக்கு அதுவே ஏற்ற காலம். சான் ஹசின்டோ தெருவில் உள்ள பார்வையாளர் நிறுத்தகத்தில் காரை விட்டுவிட்டுத் தெற்கு வாயிலுக்கு நடந்து செல்லுங்கள்.

உள்ளே நுழையுமுன் சுவரைச் சற்று அருகில் சென்று பாருங்கள். முதலில் சுண்ணாம்புக் கல்லில் கட்டத்தான் திட்டமிட்டிருந்தார்கள். அந்தக் கல் நிறம் மாறியதால், மார்பிள் ஃபால்ஸ் ஊருக்கருகில் வெட்டிய செந்நிறக் கருங்கல்லுக்கு மாறினார்கள். கட்டுமானச் செலவுக்கு அரசு பணமாகக் கொடுக்காமல், மாநிலத்தின் வடகோடியில் 30 லட்சம் ஏக்கர் நிலத்தைக் கொடுத்தது, பின்னாளில் எக்ஸ்.ஐ.டி. என்ற பெரும் மாட்டுப் பண்ணை உருவானது அந்த நிலத்தில்தான்.

பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் நேராகக் குவிமாடத்தின் அடிக்குச் செல்லுங்கள். தரையில் டெக்சஸை ஆண்ட ஆறு அரசுகளின் முத்திரைகள் பதிக்கப்பட்டுள்ளன. நடுவிலுள்ள நட்சத்திரத்தின் மேல் நின்று பேசினால் உங்கள் குரல் உங்களுக்கே எதிரொலிக்கும். குழந்தைகளை அங்கிருந்து கிளப்புவது கடினம். அண்ணாந்து பார்த்தால் உச்சியில் தெரியும் சிறு நட்சத்திரத்தின் அகலம் உண்மையில் 8 அடி. சுற்றுச் சுவர்களில் முன்னாள் ஆளுநர்களின் ஓவியங்கள் வரிசையாக உள்ளன. புதிய ஓவியம் ஒன்று சேரும்போது மற்றவை அனைத்தும் ஓரிடம் தள்ளி மாட்டப்படுகின்றன.

அடுத்து மூன்றாம் தளத்துக்கு ஏறி, இரு அவைகளின் பார்வையாளர் மாடங்களுக்கும் செல்லுங்கள். கீழவையில் 150 உறுப்பினர்கள், செனட்டில் 31 பேர். செனட் மாடத்தில் சிறிது நேரம் உட்கார்ந்தாலே போதும். வழியில் கதவுக் கீல்களைக் கவனியுங்கள்: கனமான உலோகத்தில் கட்டடத்தின் பெயரே பொறிக்கப்பட்டிருக்கும். வழிகாட்டியுடன் செல்லும் இலவசச் சுற்று உண்டு. வரலாறு புதிதாக இருந்தால் அதில் சேர்ந்துகொள்வது நல்லது.

மேலே பார்த்த பிறகு, பலர் தவறவிடும் நிலத்தடிப் பகுதிக்கு இறங்குங்கள். இடநெருக்கடி ஏற்பட்டபோது, பழைய கட்டடத்தின் தோற்றம் கெடக்கூடாது என்பதற்காக வடபுறப் புல்வெளிக்கு அடியில் குடைந்து, 1993இல் இதைக் கட்டி முடித்தார்கள். நடுவே வானம் பார்த்த வட்ட முற்றம் இருப்பதால், தரைக்குக் கீழே நிற்கும் உணர்வே எழாது. உணவகமும் இங்கேதான் உள்ளது.

நேரம் மிஞ்சினால் வளாகத்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் பழைய நில அலுவலகத்துக்குச் செல்லுங்கள். சிறுகதை எழுத்தாளர் ஓ. ஹென்றி வரைவாளராக வேலை பார்த்த அந்தக் கட்டடம் இப்போது பார்வையாளர் மையமாக இயங்குகிறது. அங்கிருந்து வண்டி நிறுத்தகம் நடக்கும் தூரம்தான்.