படித்த கல்லூரிக்கு ஆண்டுதோறும் ஓர் உதவித்தொகை: முதல் கடிதம் முதல் 10பிஇ வரிச் சான்று வரை

வேலைக்குப் போய் நாலைந்து வருடம் ஆனதும் பலருக்கும் ஒரு நினைப்பு வருகிறது: படித்த கல்லூரிக்கு ஏதாவது செய்ய வேண்டும். யாரிடம் பேசுவது, எந்தக் கணக்கில் பணம் போடுவது என்று தெரியாமல் அந்த நினைப்பு பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவோடு நின்றுவிடுகிறது. நானும் என் வகுப்பு நண்பர்கள் சிலரும் எங்கள் துறை மாணவர்களுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டும் ஒரு சிறிய உதவித்தொகையைச் சில ஆண்டுகளாக நடத்திவருகிறோம். அதை எப்படிச் செய்தோமோ அப்படியே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் கலை அறிவியல் கல்லூரியிலோ பொறியியல் கல்லூரியிலோ படித்து, மாதச் சம்பளம் வாங்குபவர்களை மனதில் வைத்து எழுதியது இது. பேட்ச் சந்திப்பு நடத்துவது எப்படி என்று இதில் இல்லை. அது தனிக் கதை.

படி 1: உங்கள் பெயர் கல்லூரியின் பட்டியலில் இருக்கட்டும்

கல்லூரி இணையதளத்தில் முன்னாள் மாணவர் பதிவுக்கு ஒரு பக்கம் இருக்கும். அதில் கேட்கும் எண்ணைக் கவனியுங்கள். கல்லூரி கொடுத்த வருகைப்பதிவு எண் வேறு, மதிப்பெண் பட்டியலில் இருக்கும் பல்கலைக்கழகப் பதிவெண் வேறு. அலுவலகத்தில் பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்குப் பதிவெண்தான் உதவும். 2001-க்கு முன் பொறியியல் முடித்தவர்களின் மதிப்பெண் பட்டியலில் பாரதியார், மதுரை காமராசர் என்று அந்தந்தப் பகுதிப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். கல்லூரி இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின்கீழ் இருந்தாலும், சான்றிதழில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே நிரப்புங்கள்.

மின்னஞ்சல் முகவரி சொந்த முகவரியாக இருக்க வேண்டும். அலுவலக முகவரி கொடுத்தால் வேலை மாறிய அன்றே தொடர்பு அறுந்துவிடும்.

கல்லூரியிலிருந்து அவ்வப்போது கருத்துப் படிவம் ஒன்று வரும். அதைத் தயவுசெய்து நிரப்பி அனுப்புங்கள். கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் ஐந்தாவது அளவுகோல் மாணவர் நலன் பற்றியது, அதற்குள் 5.4 என்ற பிரிவு முழுக்க முன்னாள் மாணவர் பங்களிப்புக்கானது. பதிவு செய்த சங்கம் இருக்கிறதா, அது கல்லூரிக்கு என்ன செய்தது என்று கேட்பார்கள். காசு செலவில்லாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே கல்லூரிக்குச் செய்யக்கூடிய உதவி இது.

படி 2: வகுப்பு நண்பர்களின் பட்டியல்

கூகுள் ஷீட் ஒன்று போதும். பெயர், பதிவெண், ஊர், வேலை, மின்னஞ்சல், 'பணம் / நேரம் / இரண்டும்' என்று ஒரு கட்டம். வாட்ஸ்அப் குழு பேசுவதற்கு நல்லது. பட்டியல் வைத்துக்கொள்ள அது சரிப்படாது. யார் எவ்வளவு தருவதாகச் சொன்னார் என்பதைப் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே தேடிக்கொண்டிருக்க முடியாது. தொடர்பு விட்டுப்போனவர்களைக் கண்டுபிடிக்க ஃபேஸ்புக்கைவிட லிங்க்ட்இன் எனக்குப் பிடிக்கும். கல்லூரியின் பக்கத்திலேயே முன்னாள் மாணவர்கள் என்ற பகுதி இருக்கிறது. படித்த ஆண்டு, வேலை பார்க்கும் நிறுவனம், ஊர் என்று வடிகட்டித் தேடலாம்.

ஷீட்டைத் திருத்தும் உரிமை இரண்டு பேருக்கு மட்டும் இருக்கட்டும். தொலைபேசி எண் இருக்கும் பட்டியலைப் பொது இணைப்பாகப் பகிர வேண்டாம்.

படி 3: என்ன தேவை என்று கல்லூரியிடம் கேளுங்கள்

பணம் சேர்க்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். முதல்வரைப் பார்க்கப் போனால் கட்டடம், ஸ்மார்ட் போர்டு என்று பெரிய பட்டியல் வரும். அதுவும் நியாயமான தேவைதான். ஆனால் முதல் முறை செய்பவர்கள் துறைத் தலைவரிடமும், முக்கியமாக வகுப்பு டியூட்டரிடமும் பேசுங்கள். எந்தப் பிள்ளை எதற்காக லீவு போடுகிறது என்று தெரிந்தவர் அவர்தான்.

அரசு ஏற்கெனவே என்ன தருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. தொழிற்கல்வியில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. இதெல்லாம் போக எங்கே ஓட்டை விழுகிறது என்று கேட்டால், டியூட்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது தேர்வுக் கட்டணம். கல்விக் கட்டணத்துக்கு எப்படியோ வழி செய்துவிடும் குடும்பங்கள் செமஸ்டர் நடுவே வரும் இந்தத் தொகைக்குத் திணறுகின்றன. அரியர் இருந்தால் தாளுக்குத் தாள் தனியாகக் கட்ட வேண்டும். கடைசித் தேதி தாண்டினால் அபராதம் வேறு. கட்டாமல் விட்டால் ஹால் டிக்கெட் இல்லை, ஒரு செமஸ்டரே வீண்.

அதனால்தான் நாங்கள் தேர்வுக் கட்டணத்தைத் தேர்ந்தெடுத்தோம். சிறிய தொகை, சரியான நேரத்தில் போனால் ஒரு படிப்பையே காப்பாற்றிவிடும்.

படி 4: எந்தக் கணக்கு?

இந்தப் படியில்தான் எங்களுக்கு ஒரு செமஸ்டர் முழுக்கப் போனது. ஒரு கல்லூரியைச் சுற்றிக் குறைந்தது மூன்று நான்கு கணக்குகள் இருக்கும்: முதல்வர் பெயரில் ஒன்று, பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு ஒன்று, முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஒன்று, உதவி பெறும் கல்லூரியோ தனியார் கல்லூரியோ என்றால் நிர்வாக அறக்கட்டளைக்கு ஒன்று. நான்கும் சட்டப்படி வேறு வேறு அமைப்புகள். ஒன்றுக்கு 80ஜி அங்கீகாரம் (நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கச் செய்யும் அனுமதி) இருக்கும், பக்கத்து அறையில் இயங்கும் இன்னொன்றுக்கு இருக்காது.

எனவே 'கல்லூரிக் கணக்கு எண் கொடுங்கள்' என்று கேட்காதீர்கள். இந்த நான்கைக் கேளுங்கள்: கணக்கு யார் பெயரில் இருக்கிறது, அந்த அமைப்பின் பான் எண், 80ஜி உத்தரவின் நகல், அதில் போட்டிருக்கும் காலாவதி ஆண்டு. 80ஜி அனுமதியை இப்போது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். 'எங்களுக்கு ரொம்ப நாளாகவே இருக்கிறது' என்ற பதில் போதாது. வருமான வரித் துறையின் இணையதளத்தில் விலக்கு பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது, அதிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

சங்கம் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. அது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்கீழ் பதிவானதா? பதிவானது என்றால், ஆண்டுக் கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் ஒழுங்காகத் தாக்கல் செய்கிறார்களா? இதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம். ஒழுங்காக நடக்கும் சங்கத்தின் பொருளாளர் மகிழ்ச்சியோடு கோப்பை எடுத்துக் காட்டுவார்.

எல்லாம் சமமாக இருந்தால் என் ஓட்டு முன்னாள் மாணவர் சங்கத்துக்குத்தான். அரசுக் கல்லூரியில் முதல்வர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். சங்கத்தில் உங்கள் ஆட்கள் இருப்பார்கள்.

படி 5: ஒரு பக்கக் கடிதம்

வாய்ப்பேச்சில் விடாதீர்கள். கடிதத்தைப் பதவிக்கு எழுதுங்கள்: 'முதல்வர் அவர்கள்', 'செயலாளர், முன்னாள் மாணவர் சங்கம்'. பெயர் போட்டு எழுதினால் அவர் மாற்றலாகிப் போகும்போது கோப்பும் தூங்கிவிடும். எங்கள் கடிதத்தின் முக்கியப் பகுதி இது:

'இயற்பியல் துறையில் இளநிலை பயிலும் மாணவர்களில், துறைத் தலைவரும் வகுப்பு ஆசிரியரும் பரிந்துரைப்பவர்களுக்குச் செமஸ்டர் தேர்வுக் கட்டணம் செலுத்த மட்டுமே இத்தொகை பயன்படுத்தப்பட வேண்டும். அரியர் தாள்களுக்கும் இது பொருந்தும். பயனாளிகளின் பெயரை வெளியிடத் தேவையில்லை. எத்தனை பேருக்கு, எவ்வளவு தொகை என்ற விவரம் மட்டும் ஆண்டு முடிவில் எங்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்.'

மதிப்பெண் நிபந்தனை எதையும் நாங்கள் வைக்கவில்லை. நல்ல மார்க் வாங்குபவருக்கு ஏற்கெனவே பரிசுகள் இருக்கின்றன. பகுதிநேர வேலைக்குப் போய்விட்டு வந்து, அரியர் வைத்திருக்கும் பிள்ளைக்குத்தான் கை கொடுக்க ஆள் இல்லை. இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

மூலநிதி வைத்து வட்டியில் நடத்தும் அறக்கட்டளைப் பரிசு, அறக்கட்டளைச் சொற்பொழிவு நம் கல்லூரிகளில் பழைய மரபு. அதை விரும்பினால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு லட்ச ரூபாய்க்கு 6.5 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 6,500 ரூபாய். கட்டணம் ஏறும், வட்டி ஏறாது. தொடங்குபவர்களுக்கு ஆண்டுதோறும் கொடுப்பதே மேல் என்பது என் கருத்து. மூலநிதியாகத்தான் தருவீர்கள் என்றால், 'இது மூலநிதிக்கு' என்று எழுத்தில் குறிப்பிடுங்கள். வரிச் சட்டத்தில் அதற்குத் தனி நடைமுறை இருக்கிறது.

படி 6: பணம், ரசீது, 10பிஇ

ரசீதும் 10பிஇ சான்றும் ஒன்றல்ல. பலர் ரசீது வந்ததோடு விட்டுவிடுகிறார்கள். நன்கொடை பெற்ற அமைப்பு, அந்த நிதியாண்டில் யார் யார் கொடுத்தார்கள் என்ற பட்டியலை 10பிடி படிவத்தில் மே 31-க்குள் வரித் துறைக்குத் தர வேண்டும். அதிலிருந்துதான் உங்களுக்கு 10பிஇ சான்று உருவாகும். அதில் இருக்கும் எண்ணை வருமான வரிக் கணக்கில் போட்டால்தான் கழிவு கிடைக்கும்.

எங்கள் நண்பர் ஒருவருக்கு ரசீது வந்தது, 10பிஇ வரவில்லை. காரணம் யுபிஐ. பொருளாளர் வங்கி அறிக்கையைத் திறந்து காட்டினார்: தேதி, யுபிஐ, ஒரு 12 இலக்க எண், பாதியில் வெட்டுப்பட்ட பெயர். அவ்வளவுதான். யார் என்று கண்டுபிடித்து ரசீது போட்டுவிட்டார்கள். ஆனால் பான் எண் கையில் இல்லாததால் 10பிடி பட்டியலில் அவர் பெயர் விடுபட்டுப்போனது. பிறகு திருத்தப் பட்டியல் தாக்கல் செய்து சரிசெய்தார்கள். தணிக்கையாளர், சங்கம், நண்பர் என்று மூன்று பக்கமும் அலைச்சல்.

இதைத் தவிர்க்க, பணம் அனுப்பிய அன்றே பொருளாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெயர் (பான் அட்டையில் உள்ளபடி), பான் எண், முகவரி, தொகை, தேதி, பரிமாற்ற எண், எந்த நோக்கத்துக்கு. இவ்வளவும் ஒரே மடலில் இருக்கட்டும். நான் யுபிஐயைவிட நெஃப்ட்டையே விரும்புகிறேன். என் வங்கியில் குறிப்பு எழுத இடம் இருக்கிறது, அனுப்புபவர் பெயரும் முழுசாகப் போகிறது. ஒருவர் கணக்கில் எல்லோரும் சேர்த்து, அவர் மொத்தமாக அனுப்புவது வேண்டாம்; சான்று அவர் பெயரில் மட்டுமே வரும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 80ஜி கிடையாது. கணினி, புத்தகம் என்று பொருளாகக் கொடுப்பதற்கும் கிடையாது. மாணவர் கையில் நேரடியாகக் கொடுப்பதற்கும் கிடையாது.

ஜூன் முதல் வாரத்துக்கு உங்கள் நாட்காட்டியில் ஒரு நினைவூட்டல் போட்டு வையுங்கள். சான்று வரவில்லை என்றால் அப்போதே கேளுங்கள்.

படி 7: எப்போது, எப்படிக் கொடுப்பது

பொதுவாக நவம்பர் தேர்வுக்கான கட்டணம் செப்டம்பர், அக்டோபர் வாக்கிலும், ஏப்ரல் தேர்வுக்கானது பிப்ரவரி, மார்ச் வாக்கிலும் கட்ட வேண்டியிருக்கும். அறிவிப்பு வருவதற்கு முன்பே பணம் சங்கக் கணக்கில் இருக்க வேண்டும். மார்ச் 31 நெருங்கும்போது வரிக்காக அவசரமாக அனுப்பும் பணம் அந்தத் தேர்வுக்கு உதவாது.

விழா வைத்து, மேடையில் ஏற்றி, காசோலையோடு படம் எடுத்துப் போட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குத் தன் வீட்டுச் சிரமம் துறை முழுக்கத் தெரிவது பெரிய வலி. எங்கள் ஏற்பாட்டில் டியூட்டர் பெயர் கொடுப்பார், சங்கம் கட்டணத்தைக் கட்டிவிடும், ரசீது மாணவர் கைக்குப் போகும். கூட உட்காரும் நண்பனுக்குக்கூடத் தெரியாது.

பணம் தவிர

நேரம் தர விரும்புபவர்கள் துறைத் தலைவரிடம் பாடத்திட்டக் குழு பற்றிக் கேளுங்கள். தன்னாட்சிக் கல்லூரிகளில் யுஜிசி விதிப்படி ஒவ்வொரு பாடத்திட்டக் குழுவிலும் முதுநிலை முடித்த முன்னாள் மாணவர் ஒருவரை முதல்வர் நியமிக்க வேண்டும். உங்கள் துறையில் இன்று என்ன மென்பொருள், என்ன கருவி பயன்படுகிறது என்று அங்கே சொன்னால் அது பாடமாகவே மாறும். ஒரு நாள் சிறப்புரையைவிட அதற்கு ஆயுள் அதிகம். கல்லூரியின் உள் தர உறுதிக் குழுவிலும் முன்னாள் மாணவர்களுக்கு இடம் உண்டு.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் கேட்டவை

புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி கழிவு கிடையாது. பழைய முறையில் இருந்தாலும் பெரும்பாலான அமைப்புகளுக்குக் கொடுத்ததில் பாதிதான் கழியும், அதற்கும் வருமானத்தை ஒட்டி ஓர் உச்சவரம்பு உண்டு. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. அதன் பிறகு கொடுக்கும் பணத்துக்கு எந்தப் படிவம் என்று உங்கள் கணக்கரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் கல்லூரியில் சங்கமே இல்லையே என்றார் ஒருவர். குறைந்தது ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். ஆனால் ஆண்டுதோறும் கணக்கு, தணிக்கை, பொதுக்குழு என்று வேலை இருக்கிறது. அதற்கு ஆள் உறுதியாகும்வரை நிர்வாக அறக்கட்டளை வழியாகவே கொடுங்கள்.

வெளிநாட்டு நண்பர்கள் விஷயத்தில் மிகக் கவனம் தேவை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம், பிரச்சினை இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், கொடுக்கும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010-ன்கீழ் வரும். இங்குள்ள கணக்கிலிருந்து ரூபாயில் கொடுத்தாலும் அப்படித்தான். அந்தச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே அதை வாங்க முடியும். அப்படிப் பெறும் பணமும் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையில் அதற்கென உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். சிறிய சங்கங்களுக்கு இந்தப் பதிவு பெரும்பாலும் இருக்காது. உள்ளூர் நண்பர் பெயரில் சுற்றி அனுப்பும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள், மாட்டிக்கொள்வது சங்கம்தான். எங்கள் வகுப்பில் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இருவர் இருக்கிறார்கள். அவர்கள் இறுதியாண்டு மாணவர்களுக்கு மாதிரி நேர்முகத் தேர்வு நடத்துகிறார்கள், சனிக்கிழமை மாலை நம் நேரத்துக்கு. அமெரிக்காவில் அப்போது காலை நேரம் என்பதால் இரு பக்கமும் வசதியாக இருக்கிறது.