லாஸ் வேகாஸுக்குக் குழந்தைகளோடு போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

லாஸ் வேகாஸில் எங்கள் முதல் மாலை கால்வலியோடு முடிந்தது. அறை ஜன்னலில் நின்று பார்த்தால் பெல்லாஜியோ ஹோட்டலின் நீரூற்று எதிர்த்த தெருவில் இருப்பதுபோல் தெரிந்தது. "இதோ, நடந்தே போயிடலாம்" என்று கிளம்பினோம். போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. பாதி வழியிலேயே ஆறு வயது மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அங்கே பெரும்பாலான குடும்பங்கள் சறுக்குவது இந்தத் தூரக் கணக்கில்தான். பெரிய ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும், ஸ்ட்ரிப் எனப்படும் சாலை ஏறக்குறைய 6.8 கி.மீ. நீளம். எம்ஜிஎம் கிராண்ட் போன்ற ஹோட்டலில் 5,000 அறைகளுக்கு மேல் உண்டு. கட்டடம் அவ்வளவு பெரிதாக இருப்பதால் பக்கத்தில் இருப்பதாகவே கண் நம்பிவிடுகிறது. முக்கியமான சந்திப்புகளில் சாலையைக் குறுக்கே கடக்க முடியாது. நடைமேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். ஸ்ட்ரோலர் இருந்தால் லிஃப்டைத் தேட வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து அந்தப் பாலங்களில் நிற்கவும் தடை இருக்கிறது, அதனால் போட்டோவுக்காக நிற்காதீர்கள். மேப் காட்டும் நேரத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பல ஹோட்டல்களில் லிஃப்டுக்கோ சாப்பாட்டுக்கோ போக கேசினோவை, அதாவது சூதாட்டக் கூடத்தைத் தாண்டித்தான் வழி. 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் நடந்து போகலாம், நிற்கக் கூடாது. மகளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுக்க ஒரு நிமிடம் நின்றேன்; காவலர் வந்து பணிவாக நகரச் சொல்லிவிட்டார். சிகரெட் புகை வேறு. கைக்குழந்தையோ ஆஸ்துமா உள்ளவர்களோ கூட வந்தால், கேசினோவே இல்லாத, புகைக்கு இடமில்லாத வ்டாரா போன்ற ஹோட்டலில் தங்குங்கள். கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் பரவாயில்லை என்பேன்.

அறை வாடகையோடு ஒவ்வொரு இரவுக்கும் ரிசார்ட் ஃபீ (ஹோட்டல் வசதிகளுக்கான கட்டணம்) என்று பெரும்பாலும் 40, 50 டாலர் சேரும். 2025 மே முதல் அதையும் சேர்த்த விலையையே முதலில் காட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் விதி வந்துவிட்டது. ஆனாலும் பார்க்கிங் தனி, பிறகு திரும்பக் கிடைக்கும் முன்பணம் தனி. முன்பணத்துக்கு டெபிட் கார்டைக் கொடுத்தால் அந்தத் தொகை பல நாள் முடங்கிக் கிடக்கும். கிரெடிட் கார்டையே கொடுங்கள். அறையிலுள்ள ஃபிரிட்ஜிலும் கவனம் தேவை. மகளின் பாலை வைக்க இடம் வேண்டுமென்று உள்ளே விற்பனைக்கு இருந்த இரண்டு பாட்டில்களை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அடியில் சென்சார் இருந்திருக்கிறது, இரண்டும் பில்லில் ஏறிவிட்டன. கேட்ட பிறகு நீக்கினார்கள்.

வெயில் விஷயத்தில் சென்னை அனுபவம் கைகொடுக்காது. 2024 ஜூலை 7 அன்று அங்கே 48.9 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. பாலைவனக் காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால், உடம்பில் நீர் வற்றுவது தெரியாது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "வேர்க்கவே இல்லையேப்பா" என்று சந்தோஷமாகத்தான் சொன்னார். அன்று மாலை உதடு வெடித்து, தலை சுற்றிப் படுத்துவிட்டார். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடிக்க வையுங்கள். கோடையில் பகல் 11 முதல் மாலை 6 வரை வெளியே நடக்கும் திட்டமே வேண்டாம்.

இரண்டு நாள் பயணத்தில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கையும் சேர்க்காதீர்கள். தேசியப் பூங்காவின் தெற்கு விளிம்புக்கு ஒரு வழிக்கே நாலரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் மேற்கு விளிம்பு ஹுவாலபாய் பழங்குடியினருக்குச் சொந்தம்; தேசியப் பூங்கா பாஸ் அங்கே செல்லாது. அதற்குப் பதில், முக்கால் மணி நேரத்தில் ஹூவர் அணைக்குப் போய்விடலாம். அணையின் நெவாடா பக்கக் கோபுரத்தில் ஒரு கடிகாரம், அரிசோனா பக்கத்தில் இன்னொன்று. இரு மாநிலங்களின் நேரமும் வேறு என்பதால் குளிர்காலத்தில் இரண்டுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். மகள் நடுவில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள், கிளம்ப மனசே இல்லை அவளுக்கு.

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் காரில் திரும்புபவர்கள் ஞாயிறு காலை 8 மணிக்குள் கிளம்பிவிடுங்கள். மதியத்துக்கு மேல் ஐ-15 சாலை நெரிசலில் குழந்தைகளோடு மாட்டிக்கொள்ள வேண்டாம்.